கலைக்களஞ்சியம் வீட்டுக்கு வந்த வரலாறு

உலகத்து அறிவு முழுவதையும் ஒரே நூல்தொகுதிக்குள் திரட்டி வைக்க வேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. ஆனால் அத்தொகுதியைப் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் விலை கொடுத்து வாங்கித் தம் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்னும் நிலை ஏற்பட்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. முன்னதன் வரலாறு பெரும்பாலும் அறிஞர்களின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. பின்னதன் வரலாற்றிலோ அறிஞர்களுக்கு நிகராக அச்சகத்தாரும், முன்பணம் கட்டியவர்களும், தவணை வசூலித்தவர்களும், வீடு வீடாகச் சென்று விற்றவர்களும் இடம்பெறுகின்றனர். கட்டுரைகளை எழுதியவர் அறிஞரே ஆயினும், நூல் எத்தனை தொகுதிகளாக வரவேண்டும், எவ்வளவு எளிய நடையில் இருக்கவேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படவேண்டும் என்பவற்றை முடிவு செய்தது பெரும்பாலும் அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதே.

அச்சுக் காலத்துக்கு முந்தைய பெருந்தொகுப்புகள் மன்னருக்கும் மடத்துக்கும் உரியவையாக இருந்தன. உரோமானியரான பிளினி கி.பி. 77ஆம் ஆண்டளவில் 37 புத்தகங்கள் கொண்ட தம் இயற்கை வரலாற்றைப் பின்னாளில் பேரரசரான டைட்டசுக்குக் காணிக்கையாக்கினார். சீனத்தின் யுங்லோ பேரரசர் 1403இல் ஆணையிட, 1408இல் நிறைவுற்ற பெருந்தொகுப்பு 22,877 இயல்களையும் 11,095 சுவடித் தொகுதிகளையும் கொண்டிருந்தது. அச்சுக்கலை சீனத்தில் நன்கு வளர்ந்திருந்தும், அளவின் பெருமை கருதி அது கையெழுத்துப் படியாகவே அரண்மனையில் வைக்கப்பட்டது. அதனால் நேர்ந்த இழப்பும் பெரிது: இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 400 தொகுதிகளே. படிகள் பலவாகப் பரவாத நூல் எவ்வளவு பெரியதாயினும் ஒரு தீக்கும் ஒரு போருக்கும் ஈடுகொடுப்பதில்லை.

இத்தகைய நூல்கள் பொதுவாகப் பொருள்வரிசையில் அமைந்தவை. முதலில் இறைவன், அடுத்து வானுலகம், பிறகு மனிதர், விலங்கு, செடிகொடி என்று ஆசிரியர் கருதிய உலக ஒழுங்கின்படி அவை நடைபெறும். அவ்வொழுங்கை முன்பே அறிந்தவருக்குத்தான் தேடியது கிட்டும். அகரவரிசை அப்படிப்பட்டதன்று. எழுத்துகளின் வரிசையை மட்டும் கற்றிருப்பவர்கூட அதில் தமக்கு வேண்டியதைக் கண்டுகொள்ளலாம். 1674இல் பிரான்சின் லியோன் நகரில் லூயி மொரேரி என்னும் பாதிரியார் வெளியிட்ட வரலாற்று அகராதியும் அதையொட்டி வந்த பிறவும் ஐரோப்பாவில் இம்முறையைப் பழக்கப்படுத்தின. அரசரையும் அற்பப் பூச்சியையும் எழுத்து ஒன்றே காரணமாக அடுத்தடுத்து நிறுத்துவது முறையன்று என்று முணுமுணுத்த அறிஞர் இருக்கத்தான் செய்தனர். எனினும் வாங்குவோருக்கு அது வசதியாக இருந்தது, வாங்குவோரே வென்றனர்.

அகரவரிசையால் ஒரு குறையும் விளைந்தது. ஒரே பொருளைச் சேர்ந்த செய்திகள் பல பக்கங்களில் சிதறிப்போயின. இதற்கு மருந்து கண்டவர் இஃப்ரேம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர். உலகஉருண்டை செய்யும் தொழிலாளரிடம் பயிற்சியாளராக இருந்த இவர் 1728இல் லண்டனில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட ‘சைக்ளோப்பீடியா’வில், ஒரு கட்டுரையிலிருந்து தொடர்புடைய மற்றொன்றுக்கு வாசகரை அனுப்பும் ‘காண்க’ என்னும் குறிப்புகளை ஒழுங்காக அமைத்தார். இன்று கணினித் திரையில் ஒரு சொல்லைத் தொட்டதும் வேறொரு பக்கம் திறப்பது இந்த ஏற்பாட்டின் வழிவந்ததே. நூல் வெளிவந்த முறையும் கவனிக்கத்தக்கது. அச்சிடும் முன்பே வாங்குவோரிடம் பெயர் பதிந்து பணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டு காகிதமும் கூலியும் கொடுப்பதாகிய முன்பதிவு முறை அக்கால இங்கிலாந்தில் வழக்கிலிருந்தது. ஒரு பிரபுவின் தயவை நாடி நின்ற நூலாசிரியர் இனிப் பல நூறு நடுத்தரக் குடும்பங்களின் தயவை நாடலாம் என்பது இம்முறை கொண்டுவந்த பெரிய மாற்றமாகும்.

சேம்பர்ஸின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டால் நல்ல ஆதாயம் கிட்டும் என்று 1745இல் பாரிசு நகரத்து அச்சுத்தொழிலதிபர் லெ பிரெத்தோன் கணக்கிட்டதிலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற கலைக்களஞ்சியம் பிறந்தது. 1747இல் பொறுப்பேற்ற தெனி திதரோவும் கணித அறிஞர் தாலம்பேரும் மொழிபெயர்ப்பைக் கைவிட்டுப் புதிய நூலையே எழுதுவிக்கத் தொடங்கினர். எட்டுத் தொகுதிக் கட்டுரைகளும் இரண்டு தொகுதிப் படங்களும் 280 லீவ்ர் விலைக்குக் கிடைக்கும் என்று 1750இல் அறிவிக்கப்பட்டது. 1751இல் தொடங்கி 1772இல் முடிந்தபோது அது 17 தொகுதிக் கட்டுரைகளும் 11 தொகுதிப் படங்களுமாக வளர்ந்திருந்தது, விலையும் மும்மடங்கைத் தாண்டியிருந்தது. முன்பதிவு செய்தவர்களுள் ஒருவரான லுனோ த புவாழெர்மேன் தம்மை ஏமாற்றிவிட்டதாக வெளியீட்டாளர்மீது வழக்குத் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் வாதாடிக் கடைசியில் தோற்றார். அறிவொளிக் காலத்தின் ஒப்பற்ற சாதனையாகப் பாடநூல்கள் போற்றும் அதே நூல், அதற்குப் பணம் கட்டியவர் ஒருவருக்கு வெறும் வணிக மோசடியாகத் தோன்றியிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

சமயத்தையும் அரசதிகாரத்தையும் மறைமுகமாக விமரிசித்த கட்டுரைகளால் இந்நூல் அடிக்கடி இடருக்குள்ளானது. 1759இல் அதன் அச்சு உரிமை பறிக்கப்பட்டது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஆளுக்கு 72 லீவ்ர் திருப்பித் தரவேண்டும் என்றும் ஆணை பிறந்தது, ஆயினும் அப்பணத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை என்பர். தணிக்கைத் துறையின் தலைவரான மால்செர்ப் நூலின்மேல் பரிவுகொண்டவராதலால், கையெழுத்துப் படிகள் சோதனையில் சிக்காதபடி தம் இல்லத்திலேயே வைத்துக்கொள்ள முன்வந்தார் என்பது அக்கால ஆட்சியின் முரண்பாட்டை நன்கு காட்டும். எஞ்சிய பத்துத் தொகுதிக் கட்டுரைகளும் வெளிநாட்டில் அச்சானவை போல் பொய் முகவரியுடன் 1765இல் முடிக்கப்பட்டன. அவற்றை அச்சிட்டபோது லெ பிரெத்தோன் அரசுக்கு அஞ்சித் திதரோ அறியாமல் கட்டுரைகளின் கூர்மையான பகுதிகளை வெட்டிவிட்டார். 1764இல் இதைக் கண்டுபிடித்த திதரோ கொதித்தெழுந்தும், அழித்த பகுதிகளை மீட்க வழியில்லாமற் போயிற்று. ஏறத்தாழ 17,000 கட்டுரைகளைத் தனியொருவராக எழுதிக் குவித்த லூயி த ழோகூர் என்னும் பிரபுவின் உழைப்பு இல்லையேல் நூல் முடிந்தே இருக்காது. அவர் பெயர் இன்று சிறப்பு ஆய்வாளருக்கு வெளியே அறியப்படவில்லை.

பிரெஞ்சு நூலின் முதற் பதிப்பு செல்வர்களுக்கே எட்டியது. அதை நடுத்தர வக்கீல்களுக்கும் மருத்துவர்களுக்கும் கொண்டுசேர்த்தவை பின்னர் சிறிய அளவில், மலிவான தாளில், குறைந்த படங்களுடன் வந்த மறுபதிப்புகளாகும். இவ்வணிகத்தின் கணக்கேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன், 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னரே எல்லாப் பதிப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 24,000 படிகள் விற்றிருக்கும் என்று மதிப்பிட்டார்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஏற்பட்ட முயற்சி இதைவிட மிக எளியது. காலின் மக்ஃபார்குவர் என்னும் அச்சகத்தாரும் ஆண்ட்ரூ பெல் என்னும் செப்புத்தகட்டு ஓவியரும் சேர்ந்து, 28 வயதான வில்லியம் ஸ்மெல்லியை 200 பவுன் ஊதியத்துக்கு ஆசிரியராக அமர்த்தி, 1768 டிசம்பரில் ‘என்சைக்ளோப்பீடியா பிரிட்டானிக்கா’வின் முதல் பகுதியை வெளியிட்டனர். வாரம் ஒரு பகுதி, பகுதி ஒன்றுக்கு ஆறு பென்னி. நல்ல தாளில் வேண்டுமாயின் எட்டு பென்னி. நூறு பகுதிகள் வந்தபின் அவற்றை மூன்று தொகுதிகளாகக் கட்டடம் செய்துகொள்ளலாம். பெரும்பகுதி வேறு நூல்களிலிருந்து கத்தரித்து எடுத்ததே என்பதை ஸ்மெல்லி மறைக்கவுமில்லை. திட்டமிடலில் இருந்த தளர்ச்சி தொகுதிகளைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்: ஆங்கில அரிச்சுவடியின் முதலிரண்டு எழுத்துகளுக்கே முதல் தொகுதி முழுவதும் செலவாகிவிட்டது, கடைசிப் பாதி எழுத்துகள் அனைத்தும் மூன்றாம் தொகுதிக்குள் நெருக்கப்பட்டன. வாரந்தோறும் பகுதியை எதிர்பார்த்து நிற்கும் வாசகர் பொறுமை இழப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடி அதில் தெரிகிறது.

இத்தனைக்கும் அப்பதிப்பில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. உடற்கூற்றியல், வானியல், வேளாண்மை போன்ற பெருந்துறைகளை பல பக்கங்களுக்கு நீளும் தனி ஆய்வுரைகளாகவும், சிறு செய்திகளைச் சில வரிக் குறிப்புகளாகவும் எழுதி, இரண்டையும் ஒரே அகரவரிசையில் கோத்தனர். ஒரு துறையை முறையாகக் கற்க விரும்புபவருக்கும் ஒரு சொல்லின் பொருள் மட்டும் தேவைப்படுபவருக்கும் ஒரே நூல் பயன்பட்டது. ஏறத்தாழ 3,000 படிகள் விற்றன. இரண்டாம் பதிப்பு பத்துத் தொகுதிகளாயிற்று. 1797இல் முடிந்த மூன்றாம் பதிப்பு பதினெட்டாயிற்று.

ஜெர்மனியில் வேறொரு வகை உருவானது. 1796இல் லைப்சிக் நகரில் லோபெல் என்பவர் தொடங்கிக் கடனில் தள்ளாடிய ஒரு சிறு நூலை, 1808இல் ஃப்ரீட்ரிக் அர்னால்ட் பிராக்ஹவுஸ் விலைக்கு வாங்கினார். விருந்திலும் கூட்டத்திலும் பேச்சில் கலந்துகொள்ள விரும்பும் குடும்பத்தாருக்கு வேண்டிய அளவு செய்தியைச் சுருக்கமாகத் தருவது அதன் நோக்கம். நீண்ட ஆய்வுரைகளுக்கு அங்கே இடமில்லை. தொழில் வளர்ந்து, கல்வி பரவி, நகரத்து நடுத்தர வகுப்பு பெருகிய 19ஆம் நூற்றாண்டில் இச்சுருக்கமான வகையையே ஐரோப்பாவின் பல மொழிகள் பின்பற்றின. பிரிட்டானிக்காவை உட்கார்ந்து படிக்கும் நூல் என்றும், பிராக்ஹவுஸை எடுத்துப் பார்க்கும் நூல் என்றும் வேறுபடுத்தலாம். இன்றைய இணையக் கலைக்களஞ்சியங்கள் பெரிதும் பின்னதன் பிள்ளைகள்.

அறிஞர் பதிப்பு என்று பெயரெடுத்த பிரிட்டானிக்காவின் ஒன்பதாம் பதிப்பு 1875 முதல் 1889 வரை வெளிவந்தது. விவிலியத்தைப் பிற பழைய நூல்களைப் போல வரலாற்று முறையில் ஆராய்ந்து அதில் கட்டுரை எழுதிய வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், திருச்சபையின் விசாரணைக்கு ஆளாகி 1881இல் அபர்தீன் கல்லூரிப் பேராசிரியப் பதவியை இழந்தார். அப்பதிப்பின் ஆசிரியர் பொறுப்பு அவருக்குக் கிடைத்ததும் அக்காலத்தில்தான். புலமையில் இவ்வளவு உயர்ந்த நூல் விற்பனையில் தேங்கிக் கிடந்தது. 1898இல் அமெரிக்கப் புத்தக வணிகரான ஹோரஸ் ஹூப்பர், பணமுடையில் இருந்த லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, முன்பணமாக ஒரு கினி கட்டினால் எல்லாத் தொகுதிகளும் உடனே வீடு வந்து சேரும், மீதியை மாதத் தவணையாகச் செலுத்தலாம் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தார். பிரிட்டிஷ் கனவான்கள் இவ்விளம்பர ஆரவாரத்தைக் கண்டு முகம் சுளித்தனர். நூல்கள் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தன. தவணை முறையும் கலைக்களஞ்சியமும் அன்று முதல் நூறாண்டுக் காலம் பிரியவில்லை.

ஹூப்பரின் முயற்சியால் 1910-11இல் வெளிவந்த பதினோராம் பதிப்பு 29 தொகுதிகளும் ஏறத்தாழ 40,000 கட்டுரைகளும் கொண்டது. முந்தைய பதிப்புகளைப் போல ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு தொகுதியாக வராமல், முழுவதையும் எழுதி முடித்தபின் ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சிட்டதால், முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே செய்தி முரண்படும் குறை நீங்கியது. அதன் உரைநடையை இன்றும் சுவைத்துப் படிப்போர் உண்டு. அதே பக்கங்களில் ஆப்பிரிக்க, ஆசிய மக்களைப் பற்றிப் பேரரசின் செருக்குடன் எழுதப்பட்ட, இனவேற்றுமையை அறிவியல் போலக் காட்டிய கட்டுரைகளும் இருக்கின்றன. கலைக்களஞ்சியம் தன் காலத்து அறிவைத் தருவது போலவே தன் காலத்து அறியாமையையும் தொகுத்துத் தருகிறது. இன்னொரு மொழியார் எழுதிய களஞ்சியத்தை அப்படியே மொழிபெயர்த்துக்கொள்ள எண்ணுவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

1920இல் அஞ்சல்வழி வணிகத்தில் பெயர்பெற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனம் பிரிட்டானிக்காவை வாங்கியது. 1943இல் அது வில்லியம் பென்டன் என்னும் விளம்பரத் தொழிலதிபரின் கைக்கு வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு இருந்தது. இக்காலத்தில் தொடர்திருத்த முறை நிலைபெற்றது. பதினைந்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பதிப்பையும் மாற்றுவதாயின் இடைக்காலத்தில் ஆசிரியர் குழுவைக் கலைக்க வேண்டும், புதிய பதிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் பழையதை யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே ஆண்டுதோறும் சில கட்டுரைகளை மட்டும் புதுக்கி அச்சிடுவது, முன்பே வாங்கியவர்களுக்கு அவ்வாண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் ஆண்டுமலரைத் தனியே விற்பது என்று வகுத்தனர். புலமைக்கும் வணிகத்துக்கும் ஒருங்கே பொருந்திய ஏற்பாடு இது.

வீட்டுப் பயனுக்கென்றே எழுதப்பட்ட களஞ்சியங்களும் இக்காலத்தில் பெருகின. லண்டனில் ஆர்தர் மீ 1908 முதல் இருவாரத்துக்கு ஒருமுறை சிறு பகுதிகளாக வெளியிட்ட சிறுவர் களஞ்சியம் அகரவரிசையைத் துறந்து, கதைபோல் பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும்படி அமைந்தது. 1917இல் சிகாகோவில் தோன்றிய ‘வேர்ல்டு புக்’, பள்ளி மாணவரை முன்னிறுத்தி, கட்டுரையின் தொடக்கம் எளிதாகவும் போகப்போக அரிதாகவும் எழுதும் முறையைக் கையாண்டது. ஃபங்க் அண்டு வாக்னல்ஸ் களஞ்சியம் 1950களில் அமெரிக்கப் பலசரக்குப் பேரங்காடிகளில் வாரம் ஒரு தொகுதியாக, காய்கறியுடன் சேர்த்து வாங்கும்படி விற்கப்பட்டது.

பெரும்பாலான களஞ்சியங்களை விற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிய விற்பனையாளர்களே. பெற்றோரின் கல்வியாசையையும், பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்னும் அச்சத்தையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். வந்த நோக்கத்தை மறைத்து, கருத்துக்கணிப்பு எடுப்பவர் போல உள்ளே நுழைவது முதலிய தந்திரங்களைக் கண்டித்து அமெரிக்க வணிக ஆணையம் 1976இல் பிரிட்டானிக்கா நிறுவனத்துக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. இங்கே நூலகங்களின் பங்கு தனியாகச் சொல்லத்தக்கது. ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை களஞ்சியம் வாங்கும், அதன் தரத்தை ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு வாய்ப்பில்லை. நூலகமோ பல களஞ்சியங்களை வாங்கும், சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் செய்யும். எந்தக் களஞ்சியம் உண்மையாகவே திருத்தப்பட்டது, எது பழைய கட்டுரைக்குப் புதிய ஆண்டை மட்டும் போட்டு வந்தது என்பதைக் கண்டறிந்து கூற அமெரிக்க நூலகச் சங்கம் 1930 முதல் தனி இதழே நடத்தியது. பார்வை நூல்கள் என்று பிரித்து, வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடாமல் நூலகங்கள் அடுக்கி வைத்த அத்தொகுதிகள், வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த களஞ்சியமாகவும் இருந்தன.

அரசே வெளியீட்டாளராகும்போது வேறு வகைத் தொல்லை நேர்கிறது. சோவியத் ஒன்றியத்தின் பெருங்களஞ்சியத்தில் உள்நாட்டு அமைச்சர் பெரியாவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று இருந்தது. 1953இல் அவர் வீழ்ச்சியுற்றுக் கொல்லப்பட்டதும், அப்பக்கங்களை வெட்டியெடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒட்டும்படி பெரிங் கடல் முதலியவற்றைப் பற்றிய புதுப் பக்கங்கள் வாசகர்களுக்கு அனுப்பப்பட்டன.

தமிழில் இத்துறையின் தொடக்கம் தனிமனிதர் உழைப்பால் நேர்ந்தது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் ‘அபிதான கோச’த்தை வெளியிட்டார். சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், புராணம், இலக்கியம், சமயம், மருத்துவம், உலக வழக்கு என்று எங்கும் தேடித் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’யை அச்சிடப் பொருளுதவி கிடைக்காமல் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது; மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910இல் அது வெளிவந்தது. 1934இல் வந்த இரண்டாம் பதிப்பு 1,600 பக்கங்களைத் தாண்டியது, அதைக் காண ஆசிரியர் உயிரோடில்லை. ஐரோப்பாவில் முன்பதிவு வாசகர் வகித்த இடத்தை இங்கே ஒரு வள்ளல் வகித்தார் என்பது தெளிவு.

பன்னூறு அறிஞர் கூடி எழுதிய பொதுக் கலைக்களஞ்சியம் விடுதலையை ஒட்டியே தமிழுக்கு வாய்த்தது. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம் இப்பணியை ஏற்றது. கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்த பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரானார். கவிஞராகவும் கீர்த்தனைகள் இயற்றியவராகவும் அறியப்பட்ட அவர், அணு இயற்பியல் முதல் விலங்கியல் வரை எல்லாவற்றையும் தமிழில் எழுதுவிக்கும் பொறுப்பில் தம் வாழ்வின் நல்ல ஆண்டுகளைச் செலவிட்டார். முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963இல் வந்தது. இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968இல் வெளியாயிற்று. அறிவியற் கலைச்சொற்கள் நிலைபெறாத காலத்தில், கட்டுரை எழுதுவதற்கு முன் கட்டுரைக்கு வேண்டிய சொற்களையே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்த சூழலில், இவ்வளவு சீரான நடையில் ஒரு பெருநூல் அமைந்தது வியப்புக்குரியது. தொடர்ந்து சிறுவருக்கென வண்ணப் படங்களுடன் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை தூரனே பதிப்பித்தார்.

இக்களஞ்சியம் நன்கொடையாலும் அரசு உதவியாலும் உருவானது. தவணைக்கு விற்கும் முகவரோ, ஆண்டுதோறும் திருத்தினால் ஆண்டுதோறும் வாங்கும் கூட்டமோ அதற்குப் பின்னால் இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக முறையான பொதுநூலகச் சட்டம் அவினாசிலிங்கம் அமைச்சராயிருந்த காலத்தில், எஸ். ஆர். ரங்கநாதனின் தூண்டுதலால் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி பெறும் அச்சட்டத்தால் வளர்ந்த நூலகங்களே தமிழ்க் களஞ்சியத்தின் இயல்பான இருப்பிடங்களாயின. நூலகமும் களஞ்சியமும் ஒரே கையால் நடப்பட்டவை என்றாலும், இரண்டையும் இணைத்துத் தொடர்திருத்தத்துக்கு நிலையான வருவாய் தேடும் ஏற்பாடு செய்யப்படாமற் போனது பெருங்குறையே. 1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியலுக்கும் வாழ்வியலுக்கும் தனித்தனிக் களஞ்சியங்களை வெளியிட்டது. அவையும் நூலக அலமாரிகளையே பெரிதும் சென்றடைந்தன.

அச்சுக் களஞ்சியத்தின் வீழ்ச்சி மிக விரைவாக நிகழ்ந்தது. 1974இல் பதினைந்தாம் பதிப்பைக் குறுங்கட்டுரை, பெருங்கட்டுரை, அறிவின் வரைபடம் என்று மூன்றாகப் பிரித்த பிரிட்டானிக்கா, நூலின் இறுதியில் சொல்லடைவு வேண்டாம் என்று முடிவு செய்து, நூலகர்களின் கண்டனத்துக்குப் பிறகு 1985இல் இரண்டு தொகுதிச் சொல்லடைவைச் சேர்த்தது. 1990இல் அமெரிக்காவில் 1,20,000 தொகுப்புகள் விற்று உச்சத்தைத் தொட்டது. மூன்றே ஆண்டில், பேரங்காடியில் விற்ற ஃபங்க் அண்டு வாக்னல்ஸின் கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘என்கார்ட்டா’ குறுந்தகட்டை வெளியிட்டது. அதன் புலமை பிரிட்டானிக்காவுக்கு அருகில்கூட வராது. ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கு என்று ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துக் களஞ்சியம் வாங்கி வந்த பெற்றோர், அதே நோக்கத்துக்குக் கணினி வாங்கத் தொடங்கிவிட்டனர். பெற்றோர் வாங்கியது எப்போதும் கட்டுரைகளை மட்டுமன்று, பிள்ளைக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்னும் மனநிறைவையும் சேர்த்துத்தான் என்பதை விற்பனையாளர் அறிந்திருந்த அளவுக்கு நிறுவனம் அறிந்திருக்கவில்லை. 2010இல் அச்சான 32 தொகுதிப் பதிப்பே கடைசி என்று 2012 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அதில் அச்சிட்டவை 12,000 தொகுப்புகள். அறிவிப்பு வந்த நாளில் 4,000 இன்னும் கிடங்கில் இருந்தன. என்கார்ட்டாவோ அதற்கு முன்பே, 2009இல் மூடப்பட்டிருந்தது.

2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, பணம் தருபவர் யார் என்னும் பழைய கேள்விக்கே புதிய விடை தந்தது: எழுதுவோருக்கு ஊதியமில்லை, படிப்போருக்கு விலையில்லை, கணினிச் செலவுக்கு நன்கொடை. காப்புரிமைக் காலம் முடிந்த பிரிட்டானிக்காப் பதினோராம் பதிப்பின் பகுதிகள் அதன் ஆங்கிலப் பதிப்பில் தொடக்கத்தில் நிறையச் சேர்க்கப்பட்டன. 2005இல் ‘நேச்சர்’ ஆய்விதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டு, ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்றும் இருப்பதாகக் கூறியது. பிரிட்டானிக்கா அம்முறையை வன்மையாக மறுத்தது. மறுப்பில் நியாயம் இருந்தாலும், திருத்தத்துக்கு அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை என்னும் ஒரு வசதிக்கு அதனிடம் மறுமொழி இல்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. எண்ணிக்கை பெரிது என்றாலும், ஓரிரு பத்திகளில் நின்றுவிட்ட கட்டுரைகளும், ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்தவையும் அதில் மிகுதி. தூரனின் களஞ்சியத்திலுள்ள ஒரு நல்ல அறிவியல் கட்டுரையின் அருகில் வைத்துப் பார்த்தால் நடையின் தாழ்வு தெரியும், செய்தியின் புதுமையும் தெரியும். அக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் தத்தம் துறைக் கட்டுரை ஒன்றை அங்கே எடுத்துப் படித்து, 1968க்குப் பின் மாறியவை எவை என்று குறித்து, அவற்றை அதே தரமான தமிழில் விக்கிப்பீடியாவில் எழுதிச் சேர்க்க முன்வர வேண்டும்.